ஐந்நூறு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு போஷாக்குக் கணக்கெடுப்புக்குப் போன நாட்கள். கையில் டெப் கணினி. மூன்றாவது கேள்வி ‘பால்’. ஆண், பெண், இரண்டே பொத்தான்கள். இதைக் கேட்காதீர்கள், பார்த்தே போடுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அந்த லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கடைசிக் காம்பராவில் இருந்தவரைப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அக்கா என்றேன், ‘பெண்’ போட்டேன். ஐசி (அடையாள அட்டை) நம்பரை அடித்ததும் திரை சிவந்தது.

நமது அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று எண்கள், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டும். ஜனவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 001. பெண்ணுக்கு 500 கூட்டி 501. பழைய அட்டையிலும் புதிய 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான். முடி வளர்த்தாலும் பேர் மாற்றினாலும் நம்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

மேற்பார்வையாளருக்குக் கோல் எடுத்தேன். “ஐசியில உள்ளதைப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க.” சரி, போட்டேன். வாயில் அக்கா, விரலில் ஆண்.

“என்னா தம்பி போட்டீங்க?”

சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “செக்ரோல்லயும் அப்படித்தான். கவ்வாத்துக்குத்தான் அனுப்புறாங்க. கொழுந்துக்குப் போறேன்னா மலையே சிரிக்கும்.” செக்ரோல் என்பது தோட்டத்து வேலைப் பதிவேடு. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து ஆண்களின் வேலை, கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. கத்தி பிடிக்க இடைஞ்சல் என்று கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றித் துணியால் கட்டியிருந்தார்.

2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி மனநல மருத்துவரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம் என்றேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. “அதுக்கு எத்தனை பேர் போகும் தம்பி?” பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்.

இனம் என்ற கேள்வி வந்ததும் அவரே முந்திக்கொண்டார். “இந்தியத் தமிழ்னுதானே போடுவீங்க?” 1911 குடிசன மதிப்பீட்டில் நம்மைத் தனியாகப் பிரித்து எழுதிய பெட்டி அது. இந்தியாவை நான் கண்ணால் கண்டதில்லை. மலையகத் தமிழர் என்று எழுதச் சொல்லிக் கூட்டம் கூட்டமாகப் பேசுகிறவன் நான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே கையால்தான் இவரை ஒரு பெட்டிக்குள் தள்ளியிருந்தேன்.

கிளம்பும்போது அந்த 500 கணக்கை விளக்கினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார். “அப்ப கச்சேரி ஆபீஸ்ல சொல்லுங்க, எனக்கு ஐந்நூறு பாக்கி இருக்குன்னு.”

அடுத்த வீட்டில் மூன்றாவது கேள்வியை வாய்விட்டே கேட்டேன். “பாத்தா தெரியலையாடா?” என்று பாட்டி ஏசினார்.