வேட்டிக் கட்டுக்குள் .32: எந்தப் பிஸ்டல் ஒத்துவரும்?

இடுப்பில் மறைத்து வைக்கும் பிஸ்டல்களைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்படுவதில் பாதிக்கு மேல் நமக்கு ஆகாது. அவர்கள் பேசுவது 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா போடும் பிஸ்டல். இந்தியச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. காரைக்குடியில் நகைக்கடை வைத்திருப்பவரும் தேவகோட்டையில் அடகுக்கடை நடத்துபவரும் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும் பிஸ்டல் பெரும்பாலும் .32 தான். அதன் தோட்டாவுக்கு இன்னொரு பெயர் 7.65 மி.மீ. பிரவுனிங், 1899இல் வந்தது. குண்டின் எடை 4.6 கிராம், வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 275 மீட்டர். பெரிய அடி கிடையாது. ஆனால் உதைப்பு குறைவு, பிஸ்டலும் ஒல்லியாக அமையும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்ய வழி அநேகமாக அடைந்துவிட்டது. ஆகவே நம்மூரில் ‘உயர்ரகம்’ என்று லட்சங்களில் கைமாறுவது பெரும்பாலும் நாற்பது, அறுபது, எண்பது வயதான பிஸ்டல். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அபூர்வத்துக்குப் போகிறது, தரத்துக்கு அல்ல. ஐயா காலத்து ஜெர்மன் வால்தர் பெட்டகசாலையில் இருந்தது என்பதற்காக அது சுடும் என்று அர்த்தமில்லை.

மறைத்து வைப்பது இங்கே விருப்பமும் அல்ல. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடப்பட்டு, வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சட்டையைத் தூக்கிக் காட்டுவது வீரமில்லை, லைசென்ஸுக்கு உலை. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனிப் பிஸ்டல்கள். முதலில் வால்தர். பிபி 1929இல் வந்தது, பிபிகே 1931இல். பிபி 17 செ.மீ. நீளம், எட்டுத் தோட்டா, சுமார் 670 கிராம். பிபிகே 15.5 செ.மீ., ஏழு தோட்டா, 590 கிராம் சொச்சம். இரண்டிலும் குழல் பிஸ்டலின் உடற்சட்டத்தோடு இறுகியது, அதனால் குறி நன்றாக விழும். இவற்றின் பெருமை விசையில் (டிரிகரில்) இருக்கிறது. குழலின் பின்முனையில் உள்ள அறையில் தோட்டா இருக்கும்போதே, ஸ்லைடில் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகம்) உள்ள சேஃப்டியைக் கீழே தள்ளினால் ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை அடிக்கும் சுத்தி) பாதுகாப்பாக இறங்கும். பிறகு முதல் சுடலுக்கு விசையை நீளமாக, ஏறக்குறைய ஆறு கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். தவறுதலாக விரல் லேசாகப் பட்டால் எளிதில் வெடிக்காது. அடுத்த சுடல்கள் லேசான இழுப்பு. இந்த மாற்றம் பழகாத கைக்கு முதல் குண்டு இடது கீழே போகும். மாதம் ஒருமுறையாவது டம்மி தோட்டா போட்டு விசை இழுத்துப் பழகாதவருக்கு வால்தர் வீண்செலவு.

குறைகளும் உண்டு. பிபிகேயின் கைப்பிடிக்கு மேலே பின்பக்கம் நீளும் தூக்கல் குட்டை. கையை உயர்த்திப் பிடித்தால் ஸ்லைடு திரும்பி வரும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள தோலைக் கீறும். பெரிய கை என்றால் பிபி எடுப்பதே நல்லது. பிபிகேயின் கைப்பிடிக்குப் பின்னால் இரும்பு கிடையாது. பின்பக்கமும் சேர்த்துச் சுற்றி வரும் ஒரே பிளாஸ்டிக் துண்டுதான் கைப்பிடி. பழைய பிளாஸ்டிக் ஸ்குரு ஓட்டையிலிருந்து விரிசல் விடும். பிபியின் பக்கப் பலகைகள் இதற்குப் பொருந்தா. வாங்குமுன் ஸ்குருவைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். 1968க்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்காகப் பிபியின் உடற்சட்டத்தில் பிபிகே ஸ்லைடை வைத்துச் செய்த பிபிகே/எஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இடுப்புக்கு அதுதான் சரியான அளவு.

அடுத்தது கோல்ட் 1903. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1945 வரை வந்தது, எட்டுத் தோட்டா, 680 கிராம். மறைப்பதற்கென்றே வார்த்ததுபோல் இருக்கும். ஹேமர் உள்ளே, முனைகள் எல்லாம் வழவழப்பு, வேட்டி மடிப்பில் எதுவும் மாட்டாது. அழகில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஊசியைத் தடுக்கும் அமைப்பு இதில் இல்லை. அறையில் தோட்டாவோடு சிமெண்டுத் தரையில் முனை குத்த விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஹேமர் உள்ளே இருப்பதால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. கோல்ட் வைத்திருப்பவர் அறையைக் காலியாக வைத்தே நடக்க வேண்டும். அப்படியானால் அவசரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பணப்பை இருக்கும் வியாபாரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எஃப்.என். 1910உம் பிரவுனிங் வேலைதான். ஏழு தோட்டா, 15.3 செ.மீ., 590 கிராம். ஸ்பிரிங் குழலைச் சுற்றி இருப்பதால் ஸ்லைடு உருண்டையாக, மெலிதாக இருக்கும். (1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது இந்த மாடல்தான், சற்றுப் பெரிய .380 அளவில்.) கைப்பிடி சேஃப்டி, மேகசின் (தோட்டாப் பெட்டி) சேஃப்டி, விரல் சேஃப்டி என்று மூன்று உண்டு என்றாலும் ஊசி எப்போதும் ஏறிய நிலையிலேயே நிற்கும். நூறு வருஷத்து சியர் (ஊசியையோ ஹேமரையோ பிடித்து நிறுத்தும் கொக்கி) தேய்ந்திருந்தால் மூன்றும் சேர்ந்து எவ்வளவு காக்கும் என்பது கேள்வி. இதையும் காலி அறையோடுதான் வைக்கச் சொல்வேன். கழற்றும்போது முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே திருப்புங்கள். விட்டால் ஸ்பிரிங் முற்றத்தைத் தாண்டிப் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். செஸ்கா 83 .32இல் பதினைந்து தோட்டா பிடிக்கும், ஆனால் பருமன். சட்டைக்கு மேல் புடைக்கும். பெரெட்டா 81உம் அப்படித்தான். அதன் பன்னிரண்டு தோட்டா மேகசின் அகலம். பெரெட்டா டாம்கேட் நாலுநூறு கிராம் சொச்சம், குழலை மேலே தூக்கித் தோட்டாவை வைக்கலாம். ஸ்லைடு இழுக்கக் கையில் வலு இல்லாத பெரியவர்களுக்கு நல்லது. இதில் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கிடையாது. வெடிக்காத தோட்டாவைக் குழலைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். உடற்சட்டத்தில் விரிசல் விழுவது இதன் பழைய நோய், வேகம் கூடிய தோட்டா போடவே கூடாது. நம் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 பிஸ்டலான அஷானியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் புதுசு, பழுதானால் நாட்டுக்குள்ளேயே கேட்க ஆள் உண்டு. தேய்ந்த வால்தரை விட நல்ல அஷானி மேல்.

பழைய பிஸ்டலை டீலரிடம் பார்க்கும்போது மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின் இவற்றைச் செய்யுங்கள். வெளியே ஹேமர் உள்ள பிஸ்டல் என்றால் அதை ஏற்றிவிட்டுப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தமாகத் தள்ளுங்கள். விழுந்தால் சியர் தேய்ந்தது, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சேஃப்டி போட்டு விசையை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது எதுவும் விழக்கூடாது. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பழைய தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள பற்றவைப்பு மருந்து) இருந்த உப்பு அரித்த குழிகள் கருப்புப் புள்ளியாகத் தெரியும். குறி கெடுக்காத சில புள்ளிகள் பரவாயில்லை. அறைப்பகுதியில் குழி இருந்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். பிஸ்டலில் உள்ள எண் விற்பவர் லைசென்ஸில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அசல் மேகசின் இரண்டு இல்லாமல் வாங்காதீர்கள். மேல்வாயின் உதடு வளைந்த மேகசின்தான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

மீதிப் பாதிக்குத் தோட்டா. .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் வராது. மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுக்கும் வழக்கமான வைத்தியம் இதற்குப் பலிக்காது. மேகசினை வெளியே எடுத்து, கீழ்த்தோட்டாவைக் குச்சியால் அமுக்கித்தான் விடுவிக்க முடியும். மேகசினுக்குள் தோட்டா முன்பின் ஆட இடம் இருந்தால்தான் இது நடக்கும். முழு உறையிட்ட (ஈயத்தை உலோகம் மூடிய) குண்டு வைத்த தோட்டா 25 மி.மீ. நீளம், ஆட இடம் குறைவு. குழிமுனைக் குண்டு வைத்த தோட்டா அதைவிடக் குட்டை, ஆடும். ஆகவே முழு உறைத் தோட்டாவே போதும். நிரப்பும்போது ஒவ்வொன்றையும் பின்சுவரோடு ஒட்டித் தள்ளி, மேல்விளிம்பு கீழ்விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவால்வருக்கான .32 லாங் வேறு தோட்டா, பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

‘டிக்’ என்று அடித்து வெடிக்காமல் போனால் தோட்டாவைத் திட்டுவது வழக்கம். கடினமான பிரைமரை உடைக்க ஹேமர் ஸ்பிரிங்கில் தெம்பு வேண்டும். அறுபது வருஷத்து ஸ்பிரிங்கில் அது இருக்காது. வெடிக்காத தோட்டாவின் பிரைமரில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் குற்றம் ஸ்பிரிங்குடையது. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டறையில் கம்பி சுற்றிப் போடும் வேலை வேண்டாம்.

இப்போது வேட்டி. கடையில் விற்கும் பை வைத்த வேட்டி பெல்ட் மெத்தென்றிருக்கும், 600 கிராமைத் தாங்காது. அரைமணியில் ஒரு பக்கம் தொங்கும். அந்தப் பையில் பிஸ்டலைப் போடுவது அதைவிட மோசம், விசை மூடியிருக்காது. உள்ளே இடுப்புப்பட்டி கெட்டியான அரை டிரவுசர், அதன் மேல் 38 மி.மீ. அகல இரட்டைத் தோல் பெல்ட், அதில் விசைக்காவலை முழுக்க மூடும் உறை, அதற்கு மேல் வேட்டி என்பதே நிற்கும் ஏற்பாடு. உறை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கைப்பிடி முன்சாய்வாக இருக்கட்டும். வயிற்றுக்கு முன்னால் வைத்தால் பந்தியில் சம்மணமிட்டு உட்காரும்போது குழல் தொடையைக் குத்தும். பனியனை உறைக்கும் உடம்புக்கும் நடுவில் விடுங்கள். வெள்ளைக் காட்டன் சட்டை வேர்வையில் நனைந்தால் கறுப்புக் கைப்பிடி அப்படியே தெரியும். ஆகவே வெளிர் நிற உறை, கொஞ்சம் தடித்த சட்டை. வேட்டியை மடித்துக் கட்டினால் மடிப்பு கைப்பிடி மேல் உட்கார்ந்து எடுக்கவே முடியாது. மடித்துக் கட்டும் பழக்கம் உள்ளவர் பேண்டுக்கு மாறிவிடலாம்.

சித்திரை வெயிலில் நீலம் பூசிய இரும்பு ஒரே ராத்திரியில் செந்துரு காட்டும். கைப்பிடியின் ஓரமும் ஸ்லைடின் உடம்புப் பக்கமும்தான் முதலில் போகும். தினமும் இரவில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம். எண்ணெயைக் கொட்டாதீர்கள். இந்தச் செம்மண் புழுதியோடு சேர்ந்து அரைத்த மசாலா மாதிரி ஆகிவிடும். தோட்டாவில் எண்ணெய் பட்டால் பிரைமருக்குள் இறங்கும். தோலுறைக்குள் வைத்துப் பூட்டவே கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். வேர்வை கண்ட தோட்டாக்களைத் தனியாக வைத்துப் பழகுசுடலுக்குத் தீர்த்துவிட்டு, இடுப்புக்குப் புதுசு போடுங்கள்.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பிஸ்டலை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாட்ச்மேன் இருக்கிறார் என்பது லைசென்ஸ் பேசும் பாஷை இல்லை. ஆயுத டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசும் முதலில் அப்படியே ஒப்படைத்துவிட்டுத்தான் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொன்னாலும் இதே கவனம்: ரசீதில் பிஸ்டல் எண், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை என்று எழுதி வாங்குங்கள். கொடுக்குமுன் எண்ணெய் கூட ஒரு கோட் பூசி, உறையில்லாமல் துணிப்பையில் கொடுங்கள். திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை யாரும் துடைக்கப் போவதில்லை.