ஈற்றடி கொடுப்பதில்தான் எல்லாம்: வாட்ஸாப் வெண்பாச் சுற்று, இதுவரை

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களும் பொள்ளாச்சிக்காரர்களும் கலந்த எழுத்துக் குழுவில், வெண்பாவின் கடைசி அடியைக் கொடுத்து மற்ற மூன்றடியை எழுதச் சொல்லும் ஈற்றடிச் சுற்று ஒருவழியாகச் சூடு பிடித்துவிட்டது. 'எல்லை கடக்கும் மழை' என்ற ஈற்றடிக்குப் பாக்கள் வந்து குவிந்தன. அதற்கு முந்தைய வாரத்து 'நட்பே உயிர்க்கு நலம்' செத்துக் கிடந்தது. இரண்டுக்கும் ஆட்கள் அவர்களேதான், கெடுவும் அதேதான், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு ஒன்பது வரை. வேறுபட்டது கொடுத்த அடி மட்டும். ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். தளை, சீர், தனிச்சொல் எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அடியில் இடைவெளி விட்டு நிற்கும் ஒவ்வொரு துண்டும் சீர், ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி தளை, இரண்டாம் அடியின் கடைசியில் கோட்டுக்குப் பின் நிற்கும் சீர் தனிச்சொல்.

ஈற்றடி கொடுப்பவர் பொதுவாக, வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார். கடைசிச் சீரைவிட முதல் சீர்தான் எழுதுகிறவனை ஆட்டிவைக்கும். (ஒரு குறிலோ நெடிலோ, தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேரசை; இரண்டு குறிலோ குறில் நெடிலோ அப்படி வந்தால் நிரையசை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, அதில் தேமா, புளிமா என்று இரண்டு; நிரையில் முடிவது விளம், அதில் கூவிளம், கருவிளம் என்று இரண்டு; நேரில் முடியும் மூவசைச் சீர் காய்.) அடி நேரசையில் தொடங்கினால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் விளமாகவோ காயாகவோ இருந்தாக வேண்டும். நிரையில் தொடங்கினால் அங்கே மாச்சீர் மட்டுமே நிற்கும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு நேரில் தொடங்கும் அடி கொடுப்பதே நல்லது. வழியாக, வந்தாலும், போனதும் என்று காயும் விளமும் கைக்குத் தானாக வரும். மாவில் நிறுத்து என்றால் மூன்றாம் அடி முழுவதையும் கலைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது எதுகை. மூன்றாம் அடியின் முதல் சீர் ஈற்றடியின் முதல் சீரோடு எதுகை பேச வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'எல்லை'க்கு முல்லை, கொல்லை, தொல்லை, கல், நெல், சொல், வில் என்று வாரி இறைக்கலாம். 'எஃகும் இளகும் இனி' என்று ஒருவர் கொடுத்தார். தளை சுத்தம், பொருளும் மிடுக்கு. ஆனால் ஆய்தத்துக்கு எதுகை எங்கே போவது? அஃது, இஃது, வெஃகி, பஃறுளி, அதோடு சரக்கு தீர்ந்தது. வந்த சில பாக்களிலும் மூன்றாம் அடி 'அஃதே' என்றே தொடங்கியது. இனிமேல் ஈற்றடி தருகிறவர், அந்த எதுகையில் தானே பத்துச் சொல் எழுதிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று விதி வைத்தாயிற்று.

சொல் தேட வீரமாமுனிவரின் சதுரகராதியில் நான்காம் பகுதியான தொடையகராதியைப் புரட்டுங்கள். 1732இல் முடித்த நூல். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு, கடைசிப் பிரிவு முழுக்க எதுகைக்காகவே அடுக்கியது. பழைய அச்சுப் பிரதிகளின் ஸ்கேன் இணையத்தில் கிடைக்கிறது. எழுத்து பொடி, போனில் படித்தால் கண் வலிக்கும், வேண்டிய பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய அகராதிகள் பெரும்பாலும் முதல் எழுத்து வரிசையில் இருப்பதால் இந்த வேலைக்கு உதவாது.

மூன்றாவது, பொருள். 'நட்பே உயிர்க்கு நலம்' தளையிலும் எதுகையிலும் குறையில்லாதது. கட்டு, எட்டு, விட்டு என்று டகர ஒற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை அடியே சொல்லி முடித்துவிட்டது. மிச்சம் மூன்றடியில் அதே உபதேசத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல ஈற்றடிக்கு மேலே இன்னது வரும் என்று ஊகிக்க முடியக்கூடாது. 'எல்லை கடக்கும் மழை'க்கு வாளையாறு சோதனைச் சாவடியும் வந்தது, ஊடலும் வந்தது, தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையும் வந்தது.

இந்த வகையில் உச்சம், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து விடை சொல்லும் சதாவதானியான கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலருக்குக் கொடுத்ததாகச் சொல்லிவரும் 'துருக்கனுக்கு ராமன் துணை'. இஸ்லாமியரான அவரை மடக்கக் கொடுத்த அடி. மூன்றாம் அடியின் கடைசியில் 'சத்' என்று நிறுத்தி, அடுத்த அடியோடு சேர்த்துச் 'சத்துருக்கனுக்கு' ஆக்கிவிட்டார் என்பது கதை. கோட்டாறு 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், ஆக அவரும் ஒருவகையில் நம் எல்லைக்காரர். கவனிக்க வேண்டியது, இந்த உத்தியை அனுமதிக்கிறோமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. சொல்லாவிட்டால் பாதிப்பேர் சொல்லைப் பிளப்பார்கள், பாதிப்பேர் அது அழுகுணி என்பார்கள்.

தளை தட்டும் அடியையே கொடுப்பதும் நடக்கிறது. 'கணவாய் கடக்கும் காற்று' கேட்க இனிமை, ஆனால் கடக்கும் புளிமா, அதன் பின் 'காற்' நேர், தட்டுகிறது. 'கணவாய் கடந்தது காற்று' என்றால் கருவிளத்தின் முன் நேர், சரியாகிவிடும்.

எங்கே அதிகம் சறுக்குகிறார்கள் என்று பார்த்தால், எதிர்பாராத இடம், தனிச்சொல். எடுத்துக்காட்டாக இதைப் பாருங்கள்:

சொல்லாமல் வந்து சுவரோரம் நின்றபின்
கொல்லைக் கதவைத் தடவியே - மெல்லவே
கல்லும் குளிரக் கணவாய் வழியாக
எல்லை கடக்கும் மழை

தளை எங்கும் தட்டவில்லை. ஆனால் தடவியே, மெல்லவே என்று இரண்டு ஏகாரம் வெறும் அடைப்பு. ஏன் வந்தன? லகர ஒற்று எதுகை என்றால் மூன்றாம் அடி 'கல்' என்று நேரில்தான் தொடங்கும். அதற்கு முன் நிற்கும் தனிச்சொல் 'மெல்ல' என்றால் தேமா, அதன் பின் நிரை கேட்கும். எனவே ஒரு ஏகாரத்தை ஒட்டி விளமாக்குகிறார்கள். 'தடவி' என்று விட்டாலும் அதே சிக்கல், புளிமாவுக்குப் பின் 'மெல்' நேர், அங்கேயும் ஓர் ஏகாரம். சீரை நீட்டுவதற்குப் பதில் சொல்லை மாற்ற வேண்டும். தனிச்சொல்லை இயல்பாகவே காயாக வரும் பெயரில் வைத்தால் வேலை முடிந்தது:

சொல்லாமல் வந்து சுவரோரம் நின்றபின்
கொல்லைக் கதவைத் தடவிற்று - நெல்லுக்கும்
கல்லுக்கும் நீராய்க் கணவாய் வழியாக
எல்லை கடக்கும் மழை

இப்போது தனிச்சொல் மூன்றாம் அடியோடு பொருளிலும் ஒட்டிக்கொண்டது. நேரசை எதுகை எடுத்தால் தனிச்சொல்லுக்கு 'உக்கும்', 'ஆலும்' வேற்றுமைகளை முதலில் முயலுங்கள். ஏகாரம் கடைசி மருந்து.

தளை பார்க்க அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் போதும். அது இடைவெளியை வைத்துத்தான் சீர் பிரிக்கும், ஆகவே புணர்த்தித் தட்டச்ச வேண்டும். 'வந்து எடுத்தான்' என்று பிரித்துப் போட்டுவிட்டு மென்பொருளைத் திட்டக்கூடாது. இன்னொரு தொல்லை ஔகாரம். போனில் பலர் கௌ என்பதற்குக் கெ, ள என்று இரண்டாகத் தட்டுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 'கௌரவம்' கூவிளம், 'கெளரவம்' கருவிளம். முன் சீரோடு தளை கெட்டதாகக் காட்டும், எழுதியவர் நல்ல சீரைப் போய்த் திருத்திக்கொண்டிருப்பார். காரணம் தெரியாத தளைப் பிழை வந்தால் முதலில் ஔகாரத்தைத் தேடுங்கள்.

மலையாள வழியில் படித்தவர்கள் பலர் குரல் பதிவாகவே அனுப்புகிறார்கள். அவர்கள் நாவில் ழகரமும் ணகரமும் நம்மில் பலரைவிடத் தெளிவு, சந்தேகமே வராது. தட்டச்சு செய்து கொடுக்க ஒருவரை நிலையாக வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறினால் புணர்ச்சியும் மாறும். அடி முடிகிற இடத்தில் ஒரு நொடி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

பிழை சுட்டுவது தனிக்கலை. 'தளை தட்டுதுங்க' என்று நாலு பேர் ஒரே நேரத்தில் போட்டால் புதியவர் அடுத்த வாரம் வரமாட்டார். தளை பார்க்க ஒருவர் மட்டும், அதுவும் 2.3 என்று எண்ணில் மட்டும் சொல்வார், இரண்டாம் அடி மூன்றாம் சீர் என்று பொருள். மற்றவர்கள் பொருளைப் பேசலாம். திருத்தியதைப் புதிய செய்தியாகப் போட வேண்டும். வாட்ஸாப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் பழைய செய்தியையே திருத்த முடியும் என்பதால், குறை சொன்னவர் இல்லாத பிழையைச் சொன்னவராகத் தெரிவார். இதனால் ஒரு சண்டையே வந்தது.

போட்டியாக நடத்தும் வாரத்தில் பெயர் மறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவருக்கே வாக்கு விழும். கூகுள் ஃபார்மில் வாங்குங்கள். 'குறு விடை' வகைக் கேள்வி வைத்தால் நான்கடியும் ஒரே வரியாக ஒட்டி வரும், 'பத்தி' வகை வைத்தால்தான் அடி பிரிந்து வரும். வாக்குக்கு வாட்ஸாப் வாக்கெடுப்பு வேண்டாம். பன்னிரண்டு தெரிவுக்கு மேல் ஏற்காது, யார் யாருக்குப் போட்டார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஊர் சின்னது, சந்தையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். வாக்குக்கும் இன்னொரு ஃபார்ம்தான்.

அடுத்த கட்டம், ஒருவர் பாவைப் பிடித்து அடுத்தவர் எழுதும் தொடர்ச் சுற்று, இன்னும் நிலைக்கு வரவில்லை. முந்தைய பா முடிந்த சொல்லில் அடுத்த பா தொடங்கும் அந்தாதி முறையில் ஓட்டினால் நகரவே இல்லை. எல்லாருக்கும் ஈற்றடி ஒன்று என்பதால் எல்லாப் பாவும் ஒரே சொல்லில் தொடங்கியாக வேண்டும். கடைசி எழுத்தை எடுக்கலாமென்றால் அது று, கு, ல், ள், ம் என்று நிற்கும், அவற்றில் பலவற்றில் தமிழ்ச் சொல்லே தொடங்காது. அப்போதுதான் சித்தூர்க்காரர் ஒருவர் சுலோகத்துக்குச் சுலோகம் சொல்லிப் போட்டியிடும் மலையாளத்து அட்சரசுலோகத்தின் விதியைச் சொன்னார், முந்தைய சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அங்கே எட்டெழுத்து அடி கொண்ட அனுஷ்டுப் யாப்பைச் சேர்ப்பதில்லை, சின்ன யாப்பு சுலபமாகிவிடும் என்பதால். வெண்பாவுக்கு அந்த விதி கச்சிதம். மூன்றாம் அடி பெரும்பாலும் மொழிமுதல் எழுத்தில்தான் தொடங்கும், அதனால் தொடர் அறாது. உயிர்மெய்யில் மெய்யை மட்டும் கணக்கில் எடுக்கிறோம், 'கல்லுக்கும்' என்றால் கோ, கு, கை எதிலும் தொடங்கலாம். இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

இப்போதைய சிக்கல், ஒரே பாவுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டுத் தொடர் கிளைவிடுவது. எழுதப் போகிறவர் முதலில் கை உயர்த்தும் குறியைப் போட்டு இருபது நிமிடம் பிடித்துவைக்கலாம் என்று முயல்கிறோம். குறியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

இது முடிவதற்குள்ளேயே திருத்தணிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் பலர் கேட்பதற்கு ஒரே நேரத்தில் பாடல் கட்டும் தெலுங்கு அவதானத்தின் நிஷித்தாட்சரி என்ற பகுதியை இழுத்து வந்துவிட்டார். கவி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அடுத்து வரக்கூடாத எழுத்தைக் கேட்பவர் தடுத்துக்கொண்டே போவார். எழுத்துக்கு எழுத்து என்றால் வாட்ஸாப்பில் திரை நிரம்பிவிடும். ஆகவே சீருக்குச் சீர் வைத்துக்கொள்ளலாம், ஒரு சீர் போட்டதும் அடுத்த சீர் தொடங்கக்கூடாத மெய் ஒன்றைத் தடுப்பவர் சொல்வார். எதுகை விழ வேண்டிய சீர்களில் தடை கிடையாது. மோனைச் சீரில் தடுக்கலாமா என்பதில்தான் இன்னும் இழுபறி. தடுக்கலாம் என்பது என் கட்சி, அங்கே விட்டுக்கொடுத்தால் விளையாட்டே இல்லை. குறள் வெண்பாவில் தொடங்குகிறோம், ஏழு சீர்தான், ஒரு மாலைக்குள் முடியும்.