கப்பலுக்கு முதல் நாள் கொழும்பு, இறங்கிய பிறகு கல்லடி

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் எட்டு மணித்தியாலமாவது போகும். கொழும்புத் துறைமுகத்திலிருந்து போகும் உல்லாசக் கப்பலோ புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடும். யானை குறுக்கே வந்து ரயில் தாமதித்தாலும் காத்திராது. ஆகவே முதல் நாளே கொழும்பு போய், கோட்டையிலேயே தங்குங்கள். துறைமுகத்துக்கு எதிரே உள்ள பழைய கிராண்ட் ஓரியன்டல் போன்ற இடம் என்றால் காலையில் நெரிசல் பயமில்லை.

உறவினரைக் கூட்டிவருவோர் மட்டக்களப்பைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே கல்லடியில் வாவி ஒருபுறம், கடல் மறுபுறம். வாவியைப் பார்த்த அறையா என்று கேட்டு, யன்னலிலிருந்து எடுத்த படமும் வாங்குங்கள். "வாவிக்கு அருகில்" என்பது இரண்டு ஒழுங்கை தள்ளியும் இருக்கலாம். நுளம்பு வலை, மின்பிறப்பாக்கி இரண்டையும் விசாரியுங்கள். கப்பலில் காலையிலேயே இறக்கிவிடுவார்கள், விடுதி அறையோ பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான். அன்றே கொழும்பிலிருந்து வான் பிடித்தால் இருட்டும் நேரம் வந்து சேரலாம், அறையும் தயாராக இருக்கும்.

சிறுவர்கள் இருந்தால் வடக்கே பாசிக்குடா. கடல் வெகுதூரம் ஆழமில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை, அப்போது வேண்டாம். சித்திரைக்குப் பிறகு வாருங்கள். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வையுங்கள்: மீன் பாடுவதாகச் சொல்லும் அந்த ஓசை கேட்கலாம்.