29ஆம் திகதிக்கு முன்

பெப்ரவரி 23, 2025, ஞாயிறு

ஓடுபாதையில் சொந்தக் காரை ஓட்டிப் பழகும் நாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். புதியவர்கள் பிரிவு, மார்ச் 9, கட்டுக்குருந்த. காசும் கட்டியாயிற்று. மழை வந்தால் நாள் மாறும், காசு திரும்பாது. மார்ச் 25இல் எங்கள் கார் வாங்குபவர் கைக்குப் போகிறது, 29இல் எங்களுக்கு விமானம்.

"ஆரோட இவ்வளவு நேரம் போனில?" என்று அம்மா கேட்டார். பாங்க் என்றேன்.

பெப்ரவரி 24

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். வருடா வருடம் புதுப்பிக்கிறோம், வீட்டில் ஒருவரும் வாசித்ததில்லை. பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தும்போது வரும் சேதம் சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் போவது பந்தயத்துக்கு இல்லை. ஒருவரோடு ஒருவர் போட்டி இல்லை, நேரம்கூட எடுக்கமாட்டார்கள். ஓடுபாதையில் பழகிப் பார்ப்பது, அவ்வளவுதான். அதைக் காப்புறுதிக்காரருக்கு நான் விளங்கப்படுத்தவா?

முட்டினால் என் காசு. முட்டினால் 25ஆம் திகதி. முட்டினால் அப்பா.

பெப்ரவரி 26, சிவராத்திரி

அப்பாவும் அம்மாவும் கோயிலில். நான் கீழே இறங்கிப் போய், நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தேன். சீட்டில் முதுகை முழுக்கச் சாய்த்து, கையை நேரே நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். பட்டது விரல் நுனி மட்டும். அப்பாவின் இருப்பையே நானும் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறேன். சீட்டை மூன்று பல் முன்னுக்கு இழுத்தேன். கால் மடங்கி, பிரேக் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது. கை 9 மணியிலும் 3 மணியிலும். காவலாளி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்தக் காரில் அப்பா எனக்கு ஓட்டப் பழக்கியபோது ஒன்றுதான் சொன்னார்: "பின் சீட்டில பாயாசச் சட்டி இருக்கெண்டு நினைச்சு ஓட்டு." அது சும்மா சொன்னதும் இல்லை. ஒரு வருடம் கோயில் மடைப் படையலுக்குக் கொண்டுபோன பாயாசம், பம்பலப்பிட்டிச் சந்தியில் ஓட்டோ ஒன்று குறுக்கே வர, அம்மாவின் மடியிலிருந்து சீட்டெல்லாம் கொட்டியது. ஏலக்காய் மணம் போக மாதக்கணக்காயிற்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பிரேக்கை உதைத்ததில்லை.

மார்ச் 1

திரும்பவும் பெற்றோல் வரிசை. நிலையக்காரர்கள் இனி ஓர்டர் போடமாட்டோம் என்றார்களாம், கழிவுக் காசுப் பிரச்சினை. அவ்வளவுதான், காலி வீதி முழுக்க 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு திரும்ப வந்துவிட்டது. அம்மா தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் கட்டித் தந்தார், கியூஆர் அட்டையைத் தேடினார். ஒன்றரை மணி நேரம் நின்று 95 ஒக்டேன் நிரப்பினேன். "எங்கையும் போகாத காருக்கு ஏன் முழு டாங்க்?" என்றார் அப்பா.

மார்ச் 3

தெகிவளை கராஜ் பாஸிடம் காரைக் கொண்டுபோனேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொனெட்டைத் திறந்து, முதல் வேலையாக பிரேக் ஒயில் குப்பியின் மூடியைக் கழற்றி என்னைப் பார்க்கச் சொன்னார். பிளேன்டீ நிறம்.

"இது எப்ப மாத்தினது?"

தெரியாது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டொட் 4 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் கீழே கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 வரை இறங்கிவிடும். றோட்டில் அந்தச் சூடு வராது. ஓடுபாதையில், சுற்றுக்குச் சுற்று அழுத்திக்கொண்டே இருந்தால் வரும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கலாம், ஒயிலை அமுக்க முடியாது. பெடல் நேரே தரைக்குப் போய்விடும். "கொழும்புக் காத்தே பாதி தண்ணிதானே நங்கி" என்றார் பாஸ். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

பழையதை நான்கு சில்லிலும் இறக்கி, புதிய டொட் 4 விட்டு, காற்றுக் குமிழி போகும்வரை நான் பெடலை மிதிக்க அவர் ஸ்குரூவைத் திறந்து பூட்டினார். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. நாற்பது தரமாவது இருக்கும். முன் பிரேக் பாட்களையும் மாற்றியாயிற்று.

மார்ச் 4

டயரில் 3316. அதாவது 2016இன் 33ஆவது வாரம். பூ எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ரப்பர் கல்லாகிவிட்டது.

மார்ச் 5

நான்கு புது டயர். 25ஆம் திகதி வாங்க வருபவருக்கு என் செலவில் சீதனம்.

மார்ச் 8, சனி

பின்னேரம் 3 மணிக்கே இருட்டி, இடி. 6 மணிக்குச் செய்தி வந்தது: பாதையில் தண்ணீர் நிற்கிறது, 23க்கு மாற்றியிருக்கிறோம்.

23 ஞாயிறு. 25 செவ்வாய். நடுவில் ஒரு திங்கள். ஒரு திங்களில் என்ன திருத்தலாம்? பம்பர் சிராய்ப்புத் திருத்தலாம். மட்கார்ட் நசிந்தால் முடியாது. ரேடியேட்டர் முடியாது. சட்டைப்பையில் அட்வான்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு இதெல்லாம் என்ன ஆட்டம் என்று ஒரு மனம். இன்னொரு மனம், 25க்குப் பிறகு எந்தக் காரில் போகப்போகிறாய் என்கிறது. ராத்திரி முழுக்க இரண்டும் மாறி மாறி. விடியற்காலையில் மழை விட்டிருந்தது. 9ஆம் திகதி நல்ல வெயில். எரிச்சல்.

மார்ச் 13, போயா (பௌர்ணமி விடுமுறை)

வீதி வெறுமை. அப்பாவை ஏற்றிக்கொண்டு மரைன் டிரைவில் மெதுவாக ஓடினேன். கண்ணை முன்னால் போகும் வாகனத்தில் வைக்காமல் அதற்கப்பால் வைக்கப் பழகுகிறேன். கண் போகும் இடத்துக்குக் கை தானாகப் போகும் என்கிறார்கள். அப்பா ஜன்னல் பக்கமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், கேட்காமலே கட்டுக்குருந்தப் பேச்சை எடுத்தார். எனக்குத் திக்கென்றது.

இளவயதில் களுத்துறைக் கூட்டாளி ஒருவரோடு போய் ரேஸ் பார்த்திருக்கிறாராம். இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலீஷ்காரரின் கடற்படை விமானத்தளமாம் அது. உக்குஸ்ஸா என்று பெயர் வைத்திருந்தார்களாம், சிங்களத்தில் பருந்து. சென்னைக்குப் பக்கத்துச் சோழவரமும் அப்படி யுத்தகால ஓடுதளம்தான், இங்கிருந்தும் போய் ஓடியவர்கள் உண்டு. யுத்தம் முடிந்தால் விமானம் போகும், கொங்கிறீற் கிடக்கும், பெடியன்கள் கார் கொண்டுவருவார்கள் என்றார். அதோடு பேச்சு நின்றது.

அவருக்குத் தெரியுமோ?

மார்ச் 17

மூட்டைக்கு 23 கிலோ, ஆளுக்கு இரண்டு. அம்மா குளியலறைத் தராசில் மிளகாய்த்தூளை நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 20

வாங்குபவர் போன். "அக்கா, இப்ப இம்போர்ட் திறந்தாச்சே, விலை கொஞ்சம் பார்க்கலாமே." 2020 மார்ச்சிலிருந்து வாகனம் வராத நாட்டில், 25 வருடத்துக்கு மேலான சிவிக்கைத் தங்கம் மாதிரி விற்றார்கள். போன மாதம் கதவு திறந்தது. புதிய வாகனத்தின் வரியைக் கேட்டால் மயக்கம் வரும், ஆனாலும் பேரம் பேச அது போதும். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் விலை பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. 20 நிமிடம், இரண்டாம் கியர் குளிரில் கொஞ்சம் அடம்பிடிக்கும், மூன்று கிலோமீற்றர் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று. மகளைக் கட்டிக்கொடுப்பதுபோல.

மார்ச் 22, சனி

கழன்று விழக்கூடியது ஒன்றும் காருக்குள் இருக்கக்கூடாது. பிரேக் அடித்தால் எல்லாம் பறக்கும், போத்தல் ஒன்று உருண்டு பெடலுக்குக் கீழே போனால் கதை முடிந்தது. இரண்டு கார்ப்பெட். குடை மூன்று. ஜாக், ஸ்பெயார் சில்லு. அம்மாவின் ஒற்றைச் செருப்பு. இத்தனை கிலோவை நாங்கள் வருடக்கணக்காகச் சுமந்து திரிந்திருக்கிறோம். மேலே அம்மா கிராம் கணக்குப் பார்க்கிறார்.

டாஷ்போர்ட் லாச்சியின் அடியில் பொலித்தீன் உறையில் மடித்த ஒரு தாள். 2007, யுத்தகாலப் பொலிஸ் பதிவு. வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும். அதை நான் மேலே கொண்டுபோகவில்லை. என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் சிலை மட்டும் வரவில்லை. அப்பா எதைப் போட்டு ஒட்டினாரோ.

மார்ச் 23, ஞாயிறு

4.30க்குப் புறப்பட்டேன். கூட்டாளியின் கல்யாணம் என்று சொல்லி, டெனிம், நீளக்கை பருத்திச் சட்டை, தட்டைச் சப்பாத்து. அம்மா ஒருமாதிரிப் பார்த்தார். களுத்துறைப் பாலம் தாண்டி எல்லோரும் போலப் போதியடியில் நிறுத்தி உண்டியலில் காசு போட்டேன். நூறு ரூபா, வழக்கத்தைவிடக் கூட.

வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். அதிரடிப் படைப் பயிற்சிக் கல்லூரி இருக்கும் ஊர். பெயரை வாசித்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, காரைப் பார்த்து, "சிவிக் ஈ.கே. த்ரீயா? மெனுவலா?" என்றான் பெடியன். பொறாமையோடு.

பிறகு வாகனப் பரிசோதனை. பொனெட்டைத் திற. டிக்கியைத் திற. ஒருவர் பற்றரியைப் பிடித்து ஆட்டுகிறார், ஒருவர் குனிந்து ஒயில் ஒழுகுகிறதா என்று அடியில் பார்க்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். இந்தக் காருக்கு இது பழக்கம்தான். கடைசியாக இப்படி நின்றது யுத்தகாலத்தில், கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில், அப்பா நின்றார், நான் பின் சீட்டில். இன்று சில்லு நட்டை 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கித் தந்து, பிள்ளையாரை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இவர் அசையமாட்டார்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

கொடிகள்: மஞ்சள் என்றால் மெதுவாக்கு, முந்தாதே. சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாக உள்ளே வா. கறுப்பைக் காட்டினால் உனக்குத்தான், உள்ளே வா. முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் எந்தப் பக்கத்தால் என்று கைகாட்டினால்தான்.

முதல் 15 நிமிடம். பக்கத்தில் ஒரு நரைத்த தலைப் பயிற்றுநர். நேர்ப்பாதை முடிய வெகு தூரம் இருக்கும்போதே நான் பூப்போலப் பிரேக் வைத்தேன். அவர் முன்னால் எட்டிப் பார்த்தார். "நங்கி, எறும்பு ஏதும் குறுக்கே போகுதா?" அடுத்த சுற்றிலும் அதே. வேகத்துக்கு நான் பயப்படவே இல்லை, அது எனக்கே ஆச்சரியம். உதைக்கத்தான் வரவில்லை. கால் பாதி வழியில் பாயாசத்தை நினைக்கிறது.

"முதல்லயே பலமாகக் குடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடு. நீ மறுபக்கமாகச் செய்கிறாய்."

இரண்டாம் தரம் தனியே. உதைத்தேன். பிந்தி, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியபிறகு. பாரமெல்லாம் முன்னுக்கு வர, பின்பக்கம் இலேசாகி, வெளிப்பக்கமாக வழுக்கத் தொடங்கியது. ஏபிஎஸ் இல்லாத கார். பதறி இன்னும் அமுக்க, முன் இடது சில்லு பூட்டிக்கொண்டு கீச்சென்றது. புகை. இரண்டு கோனை இடித்துப் புல்லில் போய் நின்றேன். எஞ்சின் நின்றுவிட்டது. எங்கேயோ காகம் கத்தியது. பிள்ளையார் அப்படியே.

கார் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். கீறல் இல்லை.

மூன்றாம் தரம்: நேராக இருக்கும்போதே ஒரே உதை, சீட் பட்டி தோளை இழுக்க, ஒரு கணம் பிடித்து, விட்டுக்கொண்டே திருப்பு. பாஸின் கராஜில் நாற்பது தரம் செய்த அதே மிதி, பிடி, விடு. வளைவின் உள்முனையைச் சற்றுப் பிந்தித் தொட்டால் வெளியேறும் இடம் அகலமாகத் திறக்கிறது, காலை நம்பி அமுக்கலாம். ஐந்து சுற்றில் இரண்டு சரியாக வந்தது. இரண்டு! கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆற்றி, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைத்தேன். இறங்கியபோது முழங்கால் ஆடியது. வாயெல்லாம் சிரிப்பு.

வீடு திரும்பும்போது வாதுவ தாண்டி, 60இல், ஸ்டியரிங்கில் டக். டக். டக். டக்.

மார்ச் 24

பூட்டிய சில்லு ஒரே இடத்தில் தேய்ந்து, ஐந்து ரூபாக் குற்றி அளவுக்குத் தட்டையாகிவிட்டது. 19 நாள் டயர். பாஸ் தடவிப் பார்த்துவிட்டு, பின்னுக்கு மாற்றிவிட்டால் ஸ்டியரிங்கில் தெரியாது, வாங்குகிறவர் கண்டுபிடிக்கமாட்டார் என்றார். மாற்றினேன். உண்மைதான், கையில் தெரியவில்லை. சீட்டில் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது.

அப்பா காரில் ஏறி இருந்து மூக்கை உறிஞ்சினார். பிரேக் மணம். சீட்டைத் தொட்டுப் பார்த்தார். மூன்று பல் முன்னுக்கு இருந்ததை நான் திருப்பித் தள்ள மறந்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

10 மணிக்கு வருகிறார். அம்மா தையல் நூலை இரண்டு கையாலும் பிடித்துப் பிள்ளையாரை டாஷ்போர்டிலிருந்து அறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறார், 200 கிராம் இருக்குமாம். வாங்குபவரிடம் ஒரு சில்லைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பின் இடதுதானே" என்றார்.