தொட்டால் தெரியாத புறங்கை

ஊத்துக்குளிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். 2021இல் கொரோனா தடுப்பூசி போட்ட நாட்களில், கை வலிக்கிறது என்று வராதவர்கள் குறைவு. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்போம். அநேகமாகச் சரியாகியும் விடும். அந்தப் பேச்சுக்கு நடுவில் வேறு மாதிரி சொல்கிறவர் குரல் எடுபடாமல் போய்விடுகிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற பெண் ஒருவர் வந்தார். ஊசி வேறோர் இடத்து முகாமில் போட்டது. "ஏனுங்க சிஸ்டர், ஊசி இறங்குனப்பவே கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. இப்ப இங்க தொட்டாத் தெரியலீங்க" என்று இடது புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காட்டினார். முகாமிலேயே சொல்லியிருக்கிறார், பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் வருடினேன். வலது கையில் உடனே சொன்னார். இடது கையில் பஞ்சு போனதே தெரியவில்லை. மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னால் பாதியில் தொங்கிவிட்டது. "துணி தள்ளிக் குடுக்கறது இந்தக் கைதானுங்க. பீஸ் ரேட்டுங்க" என்றார்.

ஊசி போட்ட இடம் கன்றிப்போய்த் தெரிந்தது. தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதையின் நடுவில் இருக்க வேண்டியது. நன்றாகக் கீழே, பின்பக்கமாக இருந்தது. காரணம் ஜாக்கெட் கை என்றே நினைக்கிறேன். இறுக்கமான கையைச் சுருட்டினால் ஓரளவுக்கு மேல் ஏறாது. பின்னால் வரிசை நிற்கும், மறைவுக்குத் திரை இருக்காது. துணி நிற்கிற இடத்துக்குக் கீழே ஊசி இறங்கிவிடும். மணிக்கட்டைத் தூக்க வைப்பதும் புறங்கைக்குத் தொடுவுணர்வு தருவதுமான ரேடியல் நரம்பு அங்கேதான் மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றி வருகிறது. அதிகம் மேலே போட்டாலும் தொல்லைதான்: தோள்மூட்டுப் பையில் மருந்து இறங்கினால் மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது.

மரத்துப்போவதை எல்லாம் ஊசி மேல் போடவும் கூடாது. தையல்காரர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு மரத்துப்போவது உண்டு. அது உள்ளங்கைப் பக்க விரல்களில், ராத்திரியில் அதிகம். இன்னொன்று அபூர்வம், ஊசி நரம்பில் படாமலே வருவது. சில நாளோ வாரமோ கழித்துத் தோளில் தூங்கவிடாத வலி, அது குறையும்போது கை பலம் இழக்கும். 1948இல் பார்சனேஜ், டர்னர் என்ற மருத்துவர்கள் விவரித்த நரம்பு அழற்சி இது. காய்ச்சலுக்குப் பிறகும் வரும்.

டாக்டர் உடனே மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பி, அவரைக் கோயம்புத்தூருக்கு நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். நரம்புச் சோதனையை மூன்று வாரம் கழித்து எடுத்தார்கள்; சேதம் முழுதாகத் தெரிய அவ்வளவு நாள் வேண்டும். அதுவரை மணிக்கட்டுக்குப் பட்டை, பயிற்சி. நரம்பு இழை அறுந்திருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். நல்லவேளை, அவருக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. சில மாதத்தில் மணிக்கட்டு நிமிர்ந்தது. புறங்கையில் கொஞ்சம் மதமதப்பு மட்டும் இருந்தது. இரண்டாவது தவணையை எங்களிடமே வந்து வலது கையில் போட்டுக்கொண்டார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் 10 வயது, 16 வயதுப் பிள்ளைகளுக்கு டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி போடப் போகும்போது ஒரு பழைய சேலையும் கயிறும் எடுத்துக்கொள்கிறேன். ஜன்னல் கம்பியில் கட்டி மறைத்துவிட்டால், தோள் முழுக்கத் தெரிகிற மாதிரி பிள்ளைகள் கூச்சமில்லாமல் உட்காருகிறார்கள்.