பான்ஃப் முதல் ஜாஸ்பர் வரை, இருவர் காரில்

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் ஊர் வரை 232 கிலோமீட்டர். வேக வரம்பு பெரும்பாலும் 90. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. இதை நம்பித்தான் பலர் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறார்கள். கனடாவின் ராக்கி மலைகளை ஊடறுத்துச் செல்லும் இந்த ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையில் அப்படிப் போனால் எல்லா இடத்திலும் வண்டி நிறுத்துமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஜாஸ்பரில் குறைந்தது இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டால்தான் மலையும் தெரியும், மிருகமும் தெரியும்.

இருவர் மட்டும் போகும் பயணத்தில் முதல் ஒப்பந்தம் வேலைப் பங்கீடு. ஓட்டுபவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. காட்டோரத்தைப் பார்ப்பது பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை. மிருகம் தெரிந்தால் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்து, நிறுத்த இடம் இருந்தால் மட்டும் ஒதுங்க வேண்டும். இல்லையென்றால் கடந்து போய்விட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருக்கை மாறிக்கொள்வது இருவருக்கும் நியாயம்.

அடுத்தது காலம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஏரிகளின் நீலப்பச்சை நிறம் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்குகின்றன. கோடையில் உருகும் நீர் அந்த மாவை ஏரிக்குக் கொண்டுவருகிறது. நீரில் மிதக்கும் அந்தத் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறம். ஜூன் தொடக்கத்தில் போனால் மேலே உள்ள ஏரிகள் பல இன்னும் உறைந்தே கிடக்கும். ஆனால் கரடி பார்க்க அதே ஜூன்தான் நல்ல மாதம். உயரத்தில் பனி கிடப்பதால் கரடிகள் பள்ளத்தாக்கில் இறங்கி, சாலையோரப் புல்லையும் டான்டிலியன் பூக்களையும் மேயும். செப்டம்பரின் பின்பாதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரும்; எல்க் மான்களின் இணைகூடும் பருவமும் அப்போதுதான். ஒரே பயணத்தில் எல்லாம் கிடைக்காது. இருவருக்கும் எது முக்கியம் என்று பேசி முடிவு செய்த பிறகே அறை பதிவு செய்யுங்கள். எந்த மாதமானாலும் பனி பெய்யலாம். கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் ஜூலையிலும் வண்டியில் இருக்கட்டும்.

இந்த வழி தேசியப் பூங்காக்களுக்குள் போகிறது; அதற்கான அனுமதிச் சீட்டில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு காரில் ஏழு பேர் வரை செல்லும் குடும்பச் சீட்டு உண்டு. பூங்காக்களில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதாக இருந்தால் ஆண்டுச் சீட்டான டிஸ்கவரி பாஸ் லாபம். பான்ஃப், ஜாஸ்பர், யோஹோ, கூட்னி ஆகிய நான்கு பூங்காக்களுக்கும் அது ஒன்றே போதும்.

லேக் லூயிஸுக்கு அருகிலுள்ள மொரெய்ன் ஏரிக்கு மட்டும் முன்யோசனை வேண்டும். 2023 முதல் அந்தச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது. பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸில் இடம் பதிவு செய்ய வேண்டும். இருக்கைகளில் ஒரு பகுதி வசந்த காலத்திலேயே விற்பனைக்கு வரும். மீதி, பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். முதல் சுற்றில் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம், இந்த இரண்டாம் சுற்றில் இரண்டு இருக்கை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 8 மணி என்பது பான்ஃபின் உள்ளூர் நேரம், உங்கள் ஊர் நேரம் அல்ல.

பான்ஃப் ஊரிலிருந்து லேக் லூயிஸுக்கு இரண்டு வழி. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை வேகமானது, ஆனால் அதில் மிருகங்களைத் தேடிப் பயனில்லை. சாலையின் இருபுறமும் உயரமான வேலி. மிருகங்கள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் கட்டியிருக்கிறார்கள். மேம்பாலங்களின் மேல் மண்ணும் மரமும் இருப்பதால் கீழே போகும்போது சாதாரணப் பாலம் போலத் தெரியாது. மேலே கிரிஸ்லி கரடியும் ஓநாயும் எல்க்கும் நடக்கின்றன. வேலி வந்த பிறகு வண்டி மோதி மிருகம் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மனிதர் போட்ட சாலையால் வந்த கேட்டை மனிதரே இவ்வளவு பொறுப்போடு சரிசெய்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

மிருகம் பார்க்க பழைய சாலையான 1ஏ, அதாவது ‘போ வேலி’ (Bow Valley) பார்க்வே. வேக வரம்பு 60, அதற்கும் குறைவாகவே போங்கள். மார்ச் 1 முதல் ஜூன் 25 வரை இதன் கிழக்குப் பகுதி 17 கிலோமீட்டருக்கு இரவு 8 முதல் காலை 8 வரை வண்டி போகத் தடை. அந்த நேரம் மிருகங்களுக்கானது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகக் கார்களை நிறுத்திவைக்கும் காலமும் உண்டு என்பதால் முந்தைய நாளே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. லேக் லூயிஸிலேயே டேங்கை நிரப்புங்கள். வழியில் சஸ்காட்சுவான் ரிவர் கிராசிங்கில் மட்டும்தான் பெட்ரோல், அதுவும் குளிர்காலத்தில் கிடையாது, விலையும் அதிகம். பெரும்பாலான தூரத்துக்குக் கைப்பேசி சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உங்கள் திட்டத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

காலையில் கிளம்பினால் ‘போ’ (Bow) ஏரி காற்று எழுமுன் அசையாமல் இருக்கும், மலை முழுதும் அதில் தெரியும். பேட்டோ ஏரி வேறு. அங்கே நிறம் எழ வெயில் ஏரியின் மேல் நேராக விழ வேண்டும். அதிகாலையில் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. பேட்டோவைப் பார்க்கும் மேடை உள்ள ‘போ’ சம்மிட் இந்தச் சாலையின் மிக உயரமான இடம், 2,000 மீட்டருக்கு மேல். நிறுத்துமிடத்திலிருந்து பார்வை மேடைக்குச் சிறு ஏற்றம்தான், ஆனால் உயரத்துக்குப் பழகாதவர்களுக்கு மூச்சு வாங்கும்.

சன்வாப்டா கணவாய்தான் பான்ஃபுக்கும் ஜாஸ்பருக்கும் எல்லை. அதைத் தாண்டியதும் கொலம்பியா பனிவெளியிலிருந்து இறங்கும் அதபாஸ்கா பனியாறு. கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் ஒன்றரை கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. நடைபாதை நெடுக, எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைகளுக்கு நடுவே நிதானமாக நடக்க வேண்டும் என்பேன்; பனி ஊர்தியில் ஏறி வருவதைவிட அந்த நடை அதிகம் சொல்லும். பனியின் மேல் படும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிவதால் கோடையிலும் முகத்தில் அறையும். தடுப்புக் கயிற்றைத் தாண்டாதீர்கள். மேலே பனி மூடிய பிளவுகள் உள்ளே ஆழமானவை. விழுந்தவர்கள் மீட்பதற்குள் குளிரில் விறைத்து இறந்திருக்கிறார்கள்.

ஜாஸ்பரை நெருங்கும்போது, அதபாஸ்கா அருவிக்குச் சற்று முன், ஆற்றைப் பார்த்த மண்சரிவில் வெள்ளை மலையாடுகள் மண்ணை நக்குவதைக் காணலாம். குளிர்காலம் முழுக்கக் கிடைக்காத தாதுஉப்புக்காக இறங்கிவருகின்றன. பைனாகுலர் இருந்தால் நிறுத்துமிடத்திலிருந்தே போதும். 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்டது கையில் நடுங்காது. ஆளுக்கொன்று இருந்தால் மாற்றி மாற்றிக் கொடுப்பதற்குள் ஆடு மறைந்துவிடாது.

தூர விதி எளிது: கரடி, ஓநாய், கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய இனம்), கூகர் (மலைச்சிங்கம்) என்றால் 100 மீட்டர், எல்க், மான், மூஸ், காட்டுச் செம்மறி, மலையாடு என்றால் 30 மீட்டர். எல்க்கைச் சாதுவென்று எண்ணி அருகே போகிறவர்களுக்குத்தான் அதிகம் ஆபத்து. மே, ஜூனில் குட்டி போட்ட பெட்டையும் செப்டம்பரில் கிடாவும் எச்சரிக்கையின்றிப் பாயும். சாலையோரம் கரடி நின்றால் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. உணவு கொடுப்பது குற்றம், அபராதம் 25,000 டாலர் வரை போகலாம். மனிதரிடம் தின்று பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவருகிறது என்பதுதான் அபராதத்தைவிடப் பெரிய காரணம்.

கிரிஸ்லியையும் கருங்கரடியையும் நிறத்தால் பிரிக்க முடியாது. கருங்கரடி பழுப்பாகவும் இருக்கும். தோளில் திமில் இருக்கிறதா, முகம் குழிந்திருக்கிறதா, முன்னங்கால் நகம் நீளமா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் கிரிஸ்லி.

காட்டுப் பாதையில் நடப்பதாக இருந்தால் பாயும் கரடியின் முகத்தில் அடிக்கும் காரமான மிளகாய்ச் சாறான கரடி ஸ்ப்ரே ஆளுக்கொரு புட்டி. ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்வது வீண், தேவைப்படும் நேரத்தில் அது மற்றவர் கையில் இருக்கும். விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி அனுமதி இல்லை. இறங்கிய பிறகு வாங்குங்கள். முதுகுப்பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள், பாதுகாப்புக் கொக்கியை எடுத்துப் பழகுங்கள். கரடி சில மீட்டர் தூரத்துக்கு வந்த பிறகே, சற்றுக் கீழ்நோக்கிப் பீய்ச்ச வேண்டும். எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே திரும்பும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் புட்டி வெடிக்கலாம். உடம்பில் தடவ இது கொசு மருந்து அல்ல. இதற்கெல்லாம் முன்னால், பேசிக்கொண்டே நடங்கள். ஓடை இரைச்சலிலும் ஜூலை, ஆகஸ்டில் கரடிகள் விரும்பித் தின்னும் பஃபலோபெர்ரி பழுத்த புதர்களிலும் குரலை உயர்த்துங்கள்.

இருவராகப் போகிறவர்களைத் தடுக்கும் விதி ஒன்று உண்டு. மொரெய்ன் ஏரியைச் சுற்றியுள்ள சில பாதைகளில், கிரிஸ்லி நடமாட்டம் இருக்கும் காலத்தில், குறைந்தது நான்கு பேர் ஒட்டி நடக்க வேண்டும் என்பது சட்டம். லார்ச் பள்ளத்தாக்குப் பாதை அதில் அடிக்கடி வரும். பாதை தொடங்கும் இடத்தில் காத்திருந்தால் உங்களைப் போன்ற இன்னொரு ஜோடி வரும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் பாதி வழியில் பிரியக் கூடாது.

ஜாஸ்பரில் விடியற்காலையை மலீன் ஏரிச் சாலைக்கு ஒதுக்குங்கள். வழியிலுள்ள மெடிசின் ஏரிக்கு மேலே வெளிப்போக்கு கிடையாது. நீர் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை ஓட்டைகளில் வடிந்து, நிலத்தடியில் ஓடி, மலீன் பள்ளத்தாக்குப் பக்கம் மீண்டும் வெளிவருகிறது. கோடையில் உருகும் பனி வடிவதைவிட வேகமாக வருவதால் ஏரி நிறையும். இலையுதிர்காலத்தில் வெறும் சேற்றுத் தரையாகிவிடும்.

2024 ஜூலையில் வந்த காட்டுத்தீ ஜாஸ்பர் ஊரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எரித்தது. அறைகள் குறைந்திருப்பதால் ஊரில் இடம் கிடைக்காவிட்டால் கிழக்கே ஹின்டனில் பாருங்கள், காரில் ஒரு மணி நேரம்தான். கருகிய மரங்கள் காற்றில் முன்னறிவிப்பின்றிச் சாயும். எரிந்த காட்டுக்குள் ஓய்வுக்கு உட்காராதீர்கள், காற்று பலமாக வீசும் நாளில் அந்தப் பாதைகளை விட்டுவிடுங்கள்.