பெரும்பாக்கத்திலிருந்து ஒரு தொகுப்பு: நாங்கள் பட்ட பாடு

எங்கள் எழுத்துக் குழுவின் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. டி.டி.பி. (அச்சுக்காகக் கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) செய்தவர் மேல் இருக்கும் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. அவரிடம் அப்புறம் வருகிறேன்.

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடி எழுதுகிறோம். பெரும்பாலும் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். வேலை வீடுகள் மட்டும் மயிலாப்பூரிலும் தி.நகரிலுமே இருக்கின்றன. 2021-லிருந்து சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால்தான் பலர் அந்த வேலைகளை விடாமல் இருக்கிறார்கள். நான் பி.காம். முடித்து டேட்டா என்ட்ரி பார்க்கிறேன்; அம்மா குழுவில் ஒருவர். எங்களுக்கு முன்னால் சில கல்லூரிப் பிள்ளைகள் வந்து ஞாயிறு காலை பத்து மணி என்று வகுப்பு வைத்தார்கள். ஞாயிறு காலையில்தான் வேலை வீட்டில் சமையல் இரண்டு மடங்கு. யாரும் போகவில்லை. ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாராவது இப்படி ஒரு குழு தொடங்கினால் நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

முதல் தலைவலி இடம். பக்கத்தில் ஒரு கூடம் வாரம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். சாவி இருந்த அலுவலகத்தில் கேட்டால், “சங்கமா? பதிவு எண் இருக்கா? லெட்டர் பேடு இருக்கா?” தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்தான். ஆனால் துணைவிதி, வருடா வருடம் கணக்கு, யார் தலைவர் என்ற சண்டை, இதெல்லாம் எழுத வந்த பெண்களுக்கு எதற்கு? அதைச் சொன்னதும் அலுவலகத்தில் இருந்தவர், “எழுதறதுக்கு எதுக்கும்மா ஹாலு? வீட்லயே உக்காந்து எழுதலாமே” என்றார். எங்கள் வீடு எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாதா என்ன! செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இதே பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறது, 2022-இல் திறந்த பெரிய கட்டடம். தமிழுக்கு அவ்வளவு இடம் இருக்கும் ஊரில் எங்களுக்கு நாலு நாற்காலி போட இடம் இல்லை. (அங்கே போய் நாங்கள் கேட்கவில்லை, அது வேறு.) கடைசியில் டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா ஞாயிறு மட்டும் தன் அறையைக் கொடுத்தார். மாதா மாதம் கரண்ட் பில்லில் பங்கு, அவ்வளவுதான்.

எழுதியது சுலபமாக முடிந்தது. சிலர் நோட்டில் எழுதினார்கள், சிலர் வாட்ஸப்பில் பேசி அனுப்பினார்கள், நான் தட்டச்சு செய்தேன்.

அச்சுச் செலவுக்கு ஒரு கம்பெனியின் தன்னார்வலர்கள் பணம் தருவதாகச் சொன்னார்கள். கட்டுரைகளைப் படித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் வலி வேணும்” என்றார்கள். ஒரு அக்கா ஆடிக் கூழ் ஊற்றியபோது நடந்த கூத்தை எழுதியிருந்தார், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதை எடுக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு பேனாவைக் கையில் கொடுத்துப் போட்டோவும் வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர்களிடம் முன்பணம் வாங்கி அச்சடித்தோம்.

இப்போது டி.டி.பி. நான் போனிலும் இணையத்திலும் புழங்கும் யூனிகோட் எழுத்தில் கொடுத்தேன். அவர் பழைய எழுத்துரு வைத்திருந்தார். மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறிப் பாதிப் பக்கம் சிதைந்தது. சரி, மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார், அதற்குத் தனியாகப் பணம். அடித்துத் தந்தபோதுதான் தெரிந்தது, ‘வூடு’ எல்லாம் ‘வீடு’ ஆகியிருந்தது. ‘இட்டுகினு போனேன்’ என்பது ‘அழைத்துச் சென்றேன்’. ஒரு கதையில் மாமியார் வாசலில் நின்று திட்டும் இடம் முழுக்க மரியாதையாக மாறிவிட்டது. படித்துக் காட்டியதும் எழுதிய அக்கா, “இது என் மாமியாரே இல்ல, டிவில நியூஸ் வாசிக்கிற பொண்ணு மாதிரி இருக்கு” என்றார். டி.டி.பி.காரரோ, “இவ்ளோ தப்பத் திருத்திக் குடுத்திருக்கேன், நீங்க தேங்க்ஸ் சொல்லணும்” என்கிறார்! வரி வரியாகப் பழையபடி மாற்ற நானும் அம்மாவும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம்.

நீங்கள் செய்யும்போது முதலில் இரண்டு பக்கம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ‘எழுத்துப்பிழை போலத் தெரிந்தாலும் மாற்றக் கூடாது’ என்று தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பக்கங்களை, எழுதியவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கள் குழுவில் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகத் தப்பு பிடித்தார்கள்.

ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் அடையாள எண்) வாங்க ஒரு பிரவுசிங் சென்டரில் ‘கவர்ன்மென்ட் ஃபீஸ்’ என்று 2,500 ரூபாய் கேட்டார்கள். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமையின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கட்ட மாட்டோம் என்று சொன்னபிறகு அவர்கள் ஏனோதானோ என்று நிரப்ப, அட்டையில் ஒரு தலைப்பு, விண்ணப்பத்தில் ஒரு தலைப்பு. திரும்பி வந்தது. அப்புறம் என் போனிலேயே போட்டேன், எண் கிடைத்தது. பதிவில்லாத குழு என்பதால் சுய பதிப்பாளர் பிரிவில் என் பெயரில்தான் போட வேண்டியிருந்தது.

அங்கேதான் ஒரு மனத்தாங்கல். “அப்போ புத்தகம் உன்னுதாயிடுமா கண்ணு?” என்று பக்கத்து பிளாக் ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. அவரவர் எழுத்தின் உரிமை அவரவருக்கே என்று ஒரு தாள் எழுதி எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் என்று அதே சென்டரில் பயமுறுத்தினார்கள். கட்டாயம் இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவுடனே உரிமை வந்துவிடும், எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் இருக்கும். ஆயாவிடம் இதைச் சொன்னபோது பேரனைக் கூப்பிட்டு, “டேய், கேட்டுக்கோ” என்றார்.

ஒப்புதலை இரண்டு தடவை கேளுங்கள், எழுதும்போது ஒரு முறை, அச்சுக்குப் போகும்முன் ஒரு முறை. ஒரு கதையில் வேலை வீட்டு நாயின் பெயர்கூட அப்படியே இருந்தது. முதலாளியம்மா படித்தால் வேலை போய்விடும். நாய், தெரு, மாடி எல்லாவற்றையும் மாற்றினோம். ஒருவர் கடைசி நேரத்தில் தன் பக்கத்தை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம்.

புத்தகம் வந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. நேரில் கொடுத்தோம், சிக்கல் இல்லை. மற்றவற்றுக்குத் தபால் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள், எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த தொகுப்புக்குப் பக்க வடிவமைப்பு நாங்களே. தம்பி லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்கிறான். உரிமைத் தாளின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். பிரவுசிங் சென்டரில் வாங்கிவிடாதீர்கள்.